ஷீட்டில் இல்லாத ஓய்வு நாள்

டெக்சஸில் நாங்கள் இருந்த பக்கம் மலை கிடையாது. டல்லாஸ் பக்கத்து ஆலனில் ஃப்ரீவே மேம்பாலம்தான் ஆக உயரமான இடம். இமயமலைக்குப் பயிற்சி எடுக்க நினைத்த நாங்கள் மூன்று பேரும் அதனால் ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் ஆபீஸ் கார் பார்க்கிங் கட்டடத்தின் ஆறு மாடிப் படிக்கட்டை ஏறி இறங்கினோம். முதுகுப் பையில் ஆளுக்கொரு இருபது பவுண்டு சோனா மசூரி அரிசி மூட்டை. எடைக்கு வேறு எதையாவது வாங்கியிருக்கலாம்தான், ஆனால் மூன்று வீட்டிலும் எப்போதும் இருப்பது அரிசிதானே. ஒரு முறை பொள்ளாச்சிக்காரனின் மூட்டை நாலாவது மாடியில் பிரிந்து, அரிசி முழுவதும் படிவழியே கொட்டிவிட்டது. காவலுக்கு இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் மேலே வந்து பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். அவர்கள் வழக்கத்தில் மணமக்கள் மேல் அரிசி தூவுவார்களாம். அன்று சிரித்த மாதிரி நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

மூவரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவன் பொள்ளாச்சி, ஒருவன் திருநெல்வேலி. நான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர், முஸ்லிம். 2001-இல் கம்பெனிகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது ஒரே அபார்ட்மென்டில் மூன்று மெத்தை போட்டுப் படுத்திருந்தவர்கள். ஒருவனுக்கு வேலை போனால் மற்ற இருவரும் அதைப்பற்றிப் பேசாமல் சாதம் வைப்பார்கள். அப்புறம் கல்யாணமாகி, தனித்தனி வீடாகி, வார இறுதிகளில் பார்த்துக்கொள்கிறவர்களானோம். இருவரும் என்னை ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தனை வருஷப் பழக்கத்தில் என் பெயரை அவர்கள் வாயால் கேட்டதில்லை. அப்போது அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தமெல்லாம் பிறகுதான் வந்தது, மொத்தமாக.

மலை ஆசையைக் கிளப்பியது நான்தான். என் வீட்டுக்குப் பக்கத்துப் பெட்ரோல் பங்க்கில் கல்லாவில் நின்றவன் தனக்குப் பின்னால் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தான். கல் சுவர் கட்டிய சின்னச் சின்ன வயல்கள், நாலைந்து வீடுகள், பின்னால் வெள்ளையாக ஒரு மலை. சுவிட்சர்லாந்தா என்று கேட்டேன். “என் அக்கா வீடு” என்றான். நேபாளத்து ஷெர்பா அவன். ஷெர்பா என்றால் மலையில் மூட்டை தூக்கும் வேலைக்குப் பெயர் என்று நான் நினைத்திருந்தேன், அப்படியே சொல்லியும் விட்டேன். அது தன் மக்களின் பெயர் என்றும், தான் வாழ்நாளில் எந்தச் சிகரமும் ஏறியதில்லை என்றும், உருளைக்கிழங்குதான் தோண்டியிருப்பதாகவும் சொன்னான். கோபமே இல்லை. பலருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்த குரல்.

அவன் பேசியது ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்த ஏதோ ஒன்று, எனக்குத் தெரிந்ததும் அரைகுறை ஹிந்தி. அதிலேயே நன்றாகப் பழகிவிட்டோம். அவன் ஊரில் சண்டை நடந்த காலத்தில் இங்கே வந்து அடைக்கலம் கேட்டு வாங்கியவன். அப்படி வாங்கியவன் சொந்த ஊருக்கே திரும்பிப்போனால் அடைக்கலம் எதற்கு என்று கேட்பார்கள், அதனால் போக முடியாது. நாலாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில் லாட்ஜ் நடத்தும் அக்காவிடம் காலிங் கார்டு போட்டுப் பேசுவதோடு சரி. நான் வரப்போகிறேன் என்றதும் அவனுக்கு என்னைவிட அதிகச் சந்தோஷம். மற்றவர்களிடம் எந்த பம்ப் என்று கேட்டுக் காசு வாங்கித்தான் ஆன் பண்ணுவான், என் கார் உள்ளே நுழையும்போதே எந்த பம்ப்பில் நிற்கிறேன் என்று பார்த்து ஆன் பண்ணிவிடுவான். உள்ளே போனால் பெட்ரோல் பேச்சே வராது, மலைப் பேச்சுதான்.

என் தொழில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். மற்றவர்கள் கட்டியது எங்கே உடையும் என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம். அந்தப் புத்தியோடுதான் பயணத்துக்கும் ஒரு ஷீட் போட்டேன். எந்த நாள் எங்கே தூங்குவது, எவ்வளவு ஏறுவது, என்ன எடுத்துப்போவது எல்லாம் அதில் இருந்தது. ஆபீஸில் இரண்டு வாரத்துக்கு மேல் லீவு கேட்டால் முகம் சுளிப்பார்களே என்று எல்லாவற்றையும் இரண்டு வாரத்துக்குள் அடைத்தேன். பெருமையாகப் பிரின்ட் எடுத்துப் பங்க்குக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவன் வரி வரியாகப் பார்த்தான். பிறகு ஒரு லாட்டரிச் சீட்டைத் திருப்பிப் போட்டு, மலை மாதிரி ஒரு கோடு இழுத்து, அதில் இரண்டு இடத்தில் வட்டம் போட்டான். கீழே இருந்த வட்டம் நாம்சே என்ற ஊர். மேலே இருந்தது அக்காவின் ஊர்.

“இங்கே இரண்டு ராத்திரி தூங்கு. இங்கேயும் இரண்டு ராத்திரி. நடக்காதே, ஏறாதே. சும்மா இரு.”

“சும்மா இருக்க ஒரு நாளா? லீவு பத்தாதே.”

“உன் உடம்பு மெதுவாகத்தான் வரும். அது வந்து சேருகிற வரைக்கும் உட்கார்ந்திரு. உட்காராதவர்களை எங்கள் ஊரில் தூக்கிக்கொண்டுதான் இறக்குவார்கள்.”

வீட்டுக்கு வந்து இரண்டாவது ஷீட் போட்டேன். இரண்டு ஓய்வு நாளையும் மஞ்சள் பூசிச் சேர்த்தேன். பயணம் இரண்டு வாரத்தைத் தாண்டிப்போனது, போகட்டும் என்று விட்டேன். தலைவலி வந்தால் ஏறக்கூடாது, வாந்தி வந்தால் இறங்கவேண்டும், நடை தள்ளாடினால் அந்த நிமிஷமே இறங்கவேண்டும் என்று அடியில் சிவப்பில் எழுதினேன். பழைய ஷீட்டை அழிக்கவில்லை. எதையும் அழிக்காமல் ‘பழையது’ என்று தனியாகப் போட்டு வைப்பது எங்கள் தொழிலில் பழக்கம். புதியதில் ஒரு பிரதியைப் பங்க்கில் கொடுத்தேன், அவன் கல்லாவுக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டான். நண்பர்களுக்கும் மெயிலில் அனுப்பினேன். இருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். “ஷீட்டெல்லாம் பாய் பாத்துப்பான்” என்பதுதான் அவர்களுடைய திட்டம்.

இங்கே கான்கூன் கதையைச் சொல்லவேண்டும். 2003-இல் மூன்று பேரும் நாலு நாள் மெக்சிகோ போய்விட்டு வந்தோம். திரும்பி இறங்கிய ஏர்போர்ட்டில் அவர்கள் இருவரின் பாஸ்போர்ட்டிலும் முத்திரை குத்தினார்கள். என்னுடையதை ஒரு உறையில் போட்டு என்னை உள்ளே ஓர் அறைக்கு அனுப்பினார்கள். ஐந்து மணி நேரம். அப்பா பெயர், அப்பாவின் அப்பா பெயர், எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறாய், கான்கூனில் யாரைப் பார்த்தாய். கடலைத்தான் பார்த்தேன் என்றேன், அதை எழுதிக்கொண்டார்கள். எனக்காகக் காத்திருந்து அவர்கள் இருவரும் டல்லாஸ் விமானத்தைத் தவறவிட்டார்கள். நான் வெளியே வந்ததும் திருநெல்வேலிக்காரன் கட்டிப்பிடித்து, “விடுல பாய், நாங்க இருக்கோம்லா” என்றான். அதற்குப் பிறகு எல்லார் வீட்டு விருந்திலும் இதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னோம். மூவரில் நான்தான் நன்றாகச் சொல்வேன். அதிகாரியின் குரலில்கூடப் பேசிக் காட்டுவேன். இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

மலைக்கு நல்ல காலம் அக்டோபர். 2004-இல் அக்டோபர் நடுவில் நோன்பு தொடங்கியது. பயணத்தில் இருப்பவனுக்குச் சலுகை உண்டு, திரும்பி வந்து விட்ட நாட்களைக் களாவாகப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். பொள்ளாச்சிக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை.

“வேண்டாம் பாய். உன் நோன்ப கெடுத்துட்டு ஒரு மலையா? அடுத்த வருஷம் போலாம்.”

கண் கலங்கிவிட்டது எனக்கு. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கலங்கியது. 2005-இல் அக்டோபர் முழுவதும் நோன்பு. மறுபடியும் அதே வார்த்தை, மறுபடியும் என் கண். என் மனைவியிடம், எந்த ஊரில் இப்படி நண்பர்கள் கிடைப்பார்கள் என்று சொன்னேன். அவள் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, “கிடைச்சா சரிதான்” என்றாள். அவளுக்கு மனிதர்களை நம்புவதில் அவசரம் கிடையாது.

2006-இல் நோன்புப் பெருநாள் அக்டோபர் கடைசி வாரத்தில் வந்தது. பெருநாள் முடிந்ததும் கிளம்பினால் குளிர் இறுகுவதற்குள் போய் வந்துவிடலாம். ஷீட்டில் தேதிகளை மாற்றினேன். என் கிரீன் கார்டு எஃப்.பி.ஐ.யின் பெயர்ச் சரிபார்ப்பில் இரண்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. வெளியே போய்த் திரும்பி வருவதற்கான அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. வக்கீல் அம்மாவிடம் போகலாமா என்று கேட்டேன். “போகலாம், போகாமல் இருந்தால் இன்னும் நல்லது” என்றார். போவது என்று முடிவு பண்ணினேன். பயந்து பயந்து நாலு சுவருக்குள் கிடப்பதற்கு எல்லை உண்டில்லையா.

ஆகஸ்டில் பொள்ளாச்சிக்காரன் ஃபோன் பண்ணினான். ஆபீஸில் பெரிய சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கிறதாம், இந்த வருஷமும் முடியாதாம். திருநெல்வேலிக்காரனுக்கும் வீட்டில் ஏதோ வேலையாம். சரி, வேலை என்றால் வேலைதானே. என் ஷீட்டில் வருஷத்தை 2007 என்று மாற்றிவிட்டு ரமலானுக்குத் தயாரானேன்.

நோன்பு தொடங்கி முதல் வாரம். பங்க்குக்குப் போனேன். ஷெர்பா வழக்கம்போல் பம்ப்பை ஆன் பண்ணினான். உள்ளே போனதும், “உனக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டான்.

“இல்லையே. ஏன்?”

“உன் நண்பர்கள் நேற்று வந்தார்கள். அக்காவிடம் படுக்கை சொல்லி வைக்கச் சொன்னார்கள். நான் மூன்று என்று சொல்லப்போனேன். அவர்கள் இரண்டு என்றார்கள்.”

என்றைக்குக் கிளம்புகிறார்கள் என்று கேட்டேன். தேதியைச் சொன்னான். சரியாக நோன்பின் நடுவில் வந்தது. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிகரெட் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தான்.

அந்தச் சனிக்கிழமை நேராகப் பொள்ளாச்சிக்காரன் வீட்டுக்குப் போனேன். கராஜ் திறந்திருந்தது. தரையில் புது பூட்ஸ் இரண்டு ஜோடி, தூங்கும் பை இரண்டு, தலைவிளக்கு இரண்டு. இரண்டு பேரும் அங்கேதான் உட்கார்ந்து பை கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் திருநெல்வேலிக்காரன் ஒரு பூட்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், அதை என்ன செய்வதென்று தெரியாமல்.

“ரிலீஸ் முடிஞ்சுதாடா?” என்றேன்.

“இல்ல பாய், திடீர்னு லீவு கெடச்சுது. உனக்கு நோன்பு வேற நடக்குது, உன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு...” என்றான் பொள்ளாச்சிக்காரன்.

“நோன்பு முடிஞ்சு போறதுதானே பிளான்?”

பொள்ளாச்சிக்காரன் தூங்கும் பையைச் சுருட்டத் தொடங்கினான். கடைசியில் திருநெல்வேலிக்காரன்தான் வாயைத் திறந்தான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதற்காகவே அவனை எனக்கு அதிகம் பிடிக்கும்.

“ஏல பாய், நெஞ்சுல கைய வச்சு யோசிச்சுப் பாரு. திரும்பி வாறப்ப உன்கூட ஏர்போர்ட்ல நின்னா எங்களையும்லா உள்ள கூப்பிடுவான். எனக்கு கிரீன் கார்டு கடைசி ஸ்டேஜ்ல இருக்கு. இவனுக்குக் கொழந்தை பொறக்கப்போவுது. கான்கூன்லயே பாத்தோம்லா. எங்க மேல தப்பா?”

“அப்ப ரெண்டு வருஷமா நோன்பு நோன்புன்னு சொன்னது?”

“அது உன் மனசு நோகக்கூடாதுன்னு சொன்னது.”

என் மனசு நோகக்கூடாது என்று. இரண்டு வருஷம் என் கண்ணைக் கலங்க வைத்துவிட்டு. எனக்கு ஆத்திரம் வந்தது அவர்கள் சொன்ன காரணத்தில் இல்லை. டெஸ்டிங்காரனாக யோசித்தால் காரணம் சரிதான், அந்த ஆபத்தை நானே ஷீட்டில் ஒரு வரியாக எழுதியிருக்கவேண்டும். என் நோன்பை எடுத்து அவர்கள் பயத்துக்கு உறை போட்டுக்கொண்டதுதான் தாங்கவில்லை. திரும்பினேன். கார்க் கதவைத் திறக்கும்போது பொள்ளாச்சிக்காரன் பின்னாலேயே வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

“பாய், தப்பா எடுத்துக்காத. அந்த ஷீட்ட மட்டும் இன்னொரு வாட்டி அனுப்பிடேன். பழைய மெயிலெல்லாம் டெலீட் ஆயிடுச்சு. எங்களுக்கு ரெண்டு வாரந்தான் லீவு, அதுக்குள்ள அடங்கற மாதிரி.”

திங்கட்கிழமை மதியம் ஆபீஸில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நோன்பாளிக்கு அந்த ஒரு மணி நேரம் சும்மாதான் கிடக்கும். கணினியைத் திறந்தேன். இரண்டாவது ஷீட் கண்ணெதிரே இருந்தது, மஞ்சள் பூசிய இரண்டு நாளோடு. அது இரண்டு வாரத்தைத் தாண்டும். ‘பழையது’ என்ற இடத்துக்குப் போனேன். முதல் ஷீட் இரண்டு வாரத்துக்குள் கச்சிதமாக அடங்கியது. ஓய்வு நாள் கிடையாது, அடியில் சிவப்பு எழுத்தும் கிடையாது. அவர்கள் கேட்டது அதுதானே என்று எனக்கு நானே ஒரு தடவை சொல்லிக்கொண்டேன். வரி வரியாக அவர்களுக்குத் தேவையான தேதிகளைக்கூட மாற்றிக் கொடுத்தேன். பிறகு அனுப்பினேன். கை தவறி அனுப்பியது என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். கை தவறவில்லை.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. “சூப்பர் பாய். கரெக்டா ரெண்டு வாரம். நீ கிரேட்.”

அவர்கள் போனார்கள். வழிகாட்டி யாரையும் வைத்துக்கொள்ளவில்லை, மூட்டை தூக்க ஒரு ஆள் மட்டும். நான் வேலைக்குப் போனேன், வந்தேன், நோன்பு திறந்தேன். அங்கே நமக்குப் பத்தே முக்கால் மணி நேரம் முன்னால். இங்கே நான் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும் நேரம் அங்கே விடியும் நேரம். ஷீட் தலைக்குள்ளேயே இருந்ததால் ஒவ்வொரு மாலையும் இன்றைக்கு எங்கே எழுந்திருப்பார்கள் என்று வேண்டாம் என்றாலும் தெரிந்தது. இன்று நாம்சே. நாம்சேயில் தங்காமல் மேலே. இன்னும் மேலே.

அக்காவின் ஊரில் அவர்கள் விழிக்கவேண்டிய நாள் வந்தது. நோன்பு திறக்கும் மக்ரிபுக்கு அரை மணி நேரம் இருந்தது. மேசையில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. மனைவி என் எதிரே உட்கார்ந்தாள்.

“ரெண்டு நாளா முகமே சரியில்லையே. என்ன?”

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். 

“நோன்பு வச்சுக்கிட்டா இதைச் செஞ்சீங்க?”

“அவனுங்க செஞ்சது?”

“அவங்க செஞ்சதுக்கு அவங்க பதில் சொல்லிக்குவாங்க. எந்திரிங்க. கஞ்சிய அப்புறம் குடிக்கலாம்.”

பங்க்குக்கு ஓடினேன். காரைப் பம்ப்பில் நிறுத்தாமல் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். ஷெர்பாவிடம், அவர்கள் கையில் இருப்பது பழைய ஷீட் என்றேன். அவன் குனிந்து கல்லாவுக்கு அடியிலிருந்து என் இரண்டாவது ஷீட்டை எடுத்துப் பிரித்தான். மஞ்சள் இடத்தில் விரலை வைத்து, “இது இல்லையா?” என்றான். இல்லை என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் காலிங் கார்டை எடுத்து எண்களை அமுக்கினான். லாட்ஜில் சாட்டிலைட் ஃபோன் இருந்தது. அக்காவோடு அவர்கள் மொழியில் வேகமாகப் பேசினான். பிறகு என்னிடம் சொன்னான்.

“ஒருவர் ராத்திரி வாந்தி எடுத்திருக்கிறார். இன்றைக்கு ஏறவேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். காகிதத்தில் இன்றைக்கு ஏறச் சொல்லியிருக்கிறது என்கிறார்களாம். நீ சொல்.”

ரிசீவரை என் கையில் கொடுத்தான். மறுமுனையில் பொள்ளாச்சிக்காரன்.

“பாய்? நீ எப்படிடா இந்த நம்பர்ல?”

“டேய், கெளம்பாதீங்க. நான் அனுப்பின ஷீட் பழசு. அங்க ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கணும். நாம்சேலயும் எடுத்திருக்கணும்.”

“என்னது?”

“ரெண்டு ரெஸ்ட் டே இருக்கு. தப்பா அனுப்பிட்டேன்.”

சாட்டிலைட் ஃபோனில் ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் வரும். அதில் அவன் இளைக்கும் மூச்சு மட்டும் கேட்டது.

“பாய், நீ வரலைங்கற கடுப்புல சொல்றியா?”

“இல்லடா.”

“மூணு வருஷமா அந்த ஷீட்ட வச்சு அவ்ளோ பெரும பேசுன. இப்ப நாங்க மேல போற நேரத்துல தப்புங்கற. விடு பாய், வந்து பேசிக்கலாம்.”

அந்த இடத்தில் வேண்டுமென்றேதான் அனுப்பினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். ஆத்திரத்தில் அனுப்பினேன், உனக்கு ஏதாவது ஆகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அதனால்தான் சொல்கிறேன் போகாதே என்று. தமிழில்தானே பேசிக்கொண்டிருந்தோம், பக்கத்தில் நிற்கிற ஷெர்பாவுக்கும் புரிந்திருக்காது. வாய் வரைக்கும் வந்தது. என் கௌரவம் அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டது. அவன் ஃபோனை அக்காவிடம் கொடுத்துவிட்டான்.

ஷெர்பா ரிசீவரை வாங்கி மறுபடியும் பேசினான். வைத்துவிட்டு, “அக்காவின் வீட்டுக்காரரைப் பின்னாலேயே போகச் சொல்லியிருக்கிறேன்” என்றான். நோன்பு திறக்கும் நேரம் தாண்டியிருந்தது. அவனுக்கு அது தெரியும், மூன்று வருஷமாக என்னைப் பார்க்கிறானே. குளிர்பெட்டியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக் கொடுத்தான். அதைக் குடித்து நோன்பு திறந்தேன்.

அங்கே அன்று மதியம் வாக்கில் பொள்ளாச்சிக்காரன் பனியோடையின் ஓரக் கற்களில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லையாம். எழுப்பினால் குடித்தவன் மாதிரித் தள்ளாடினானாம், நெஞ்சில் கரகரவென்று சத்தம். அக்காவின் வீட்டுக்காரர் அவனை முதுகில் கட்டிக்கொண்டு கீழே இறக்கினார். அரிசி மூட்டை தூக்கித் தூக்கி உடம்பை ஏற்றி வைத்திருந்தான் எங்கள் ஆள், நல்ல கனம். அக்காவின் ஊரோடு நிற்காமல் அதற்கும் கீழே மருத்துவர் இருந்த ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். பிழைத்துவிட்டான். மூன்று நாள் ஆக்சிஜன், அவ்வளவுதான்.

ஊர் திரும்பிய பிறகு, ஒரு வாரம் தள்ளி வைத்த தீபாவளி விருந்தில் அவன் அந்தக் கதையைச் சொன்னான். சுற்றிலும் எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். “ஒரு போர்ட்டர் வந்து தூக்கிட்டு இறங்கினான், மச்சி, கடவுள் மாதிரி” என்றான். என் ஃபோன் கதையில் வரவில்லை. என் ஷீட்டும் வரவில்லை. திருநெல்வேலிக்காரன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். கிளம்பும்போது பொள்ளாச்சிக்காரன் வாசல்வரை வந்து, ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் திணித்தான். உள்ளே மெல்லிசான வெள்ளைத் துண்டு ஒன்று இருந்தது.

“அந்த லாட்ஜ் அக்கா குடுத்துச்சு. அவங்க ஊர்ல மரியாதைக்குப் போடறதாம். ஃபோன் பண்ணவருக்குக் குடுக்கச் சொல்லுச்சு.”

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியுமோ, சந்தேகமோ, எதுவும் இல்லையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்புறம் பிறந்தநாள், கிரகப்பிரவேசம் என்று பார்த்தால் சிரித்துக்கொள்வோம். 2009-இல் என் கிரீன் கார்டு வந்தபோது இருவரும் ஃபோனில் வாழ்த்துச் சொன்னார்கள். இனிமே எங்க வேணாலும் போலாம் பாய் என்றார்கள். நான் எந்த மலைக்கும் போகவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த நவம்பரில் நடந்தது. அந்த வெள்ளைத் துண்டு மூன்று வாரம் என் கார் டிக்கியிலேயே கிடந்தது. கடைசியில் பெட்ரோல் போடவேண்டி வந்த ஒரு நாள் அதையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உன் அக்கா எனக்கு அனுப்பியிருக்கிறார், நன்றி சொல்லிவிடு என்றேன். ஷெர்பா அதைத் தொடாமல் பார்த்தான்.

“மாமாவுக்கு இடுப்பு போய்விட்டது” என்றான். “அன்றைக்கு இறக்கியதில். நிமிர முடியவில்லை. இந்த சீசனுக்கு வேலை இல்லை. அடுத்த சீசனுக்கும் சொல்ல முடியாது என்கிறாள் அக்கா.”

 அந்த மனிதரின் முகம்கூட எனக்குத் தெரியாது. எங்கள் மூன்று பேர் சண்டையில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

“ஒன்று கேட்கட்டுமா?” என்றான் ஷெர்பா. “தப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதானே உன் வேலை?”

“ஆமாம்.”

“அப்புறம் எப்படிப் பழைய காகிதம் போச்சு?”

இரண்டாவது தடவையும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அவன் அவசரப்படுத்தவில்லை. கடையில் வேறு யாரும் இல்லை.

“தவறிப்போச்சு” என்றேன்.

அவன் தலையாட்டினான். கல்லா பக்கம் திரும்பி, மற்ற எல்லாரிடமும் கேட்கிற அதே குரலில் என்னிடம் கேட்டான்.

“எந்த பம்ப்?”

கண்ணாடிக்கு வெளியே என் கார் அவன் எதிரேதான் நின்றிருந்தது. நாலு என்றேன்.